நாற்பத்தெட்டாம் எண் வில்லை

படகைவிட்டு இறங்கியதும் துறையில் வில்லை கொடுத்தவனின் சட்டைக் காலர்தான் தையற்காரரின் கண்ணை முதலில் உறுத்தியது. நாய்க் காது போல நெஞ்சுவரை நீண்டு தொங்கும் காலர். அவர் தொழிலுக்கு வந்த புதிதில், "இனிமே இதை எவனும் கேக்க மாட்டான்" என்று சொல்லி அவருடைய முதலாளி குப்பையில் போட்ட அளவு அட்டை அது. போட்டிருந்தவனுக்கோ முப்பது வயதுகூட இராது. துணி நைந்து நிறம் போயிருந்தாலும் துவைத்து, தேய்த்து, ஓரம் பிரிந்த இடங்களைக் கை ஊசியால் பொடித் தையலாகத் தைத்து வைத்திருந்தான். வேறு சட்டை கிடைக்காது என்று தெரிந்தவன்தான் ஒரு சட்டைக்கு அவ்வளவு பாடுபடுவான். சுற்றுலா வருகிறவர்களுக்காக ஏதோ வேஷம் போட்டிருக்கிறார்கள் போல என்று அவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

"ஆளுக்கு ஒண்ணு," என்றான் அவன். உள்ளங்கை அகலத்தில் பித்தளை வில்லை, நடுவில் எண் குத்தியிருந்தது. "சாயங்காலம் ஆறு மணிக்கு இதே படகு திரும்பும். ஏறும்போது இந்தப் பெட்டியில வில்லையப் போடணும். வில்லை இருந்தா ஏறலாம், இல்லேன்னா ஏற முடியாது. அவங்கவங்க வில்லை அவங்கவங்க கையிலயே இருக்கட்டும்."

தையற்காரருக்கு நாற்பத்தேழு, அவர் மனைவிக்கு நாற்பத்தெட்டு. அவள் அதைக் கையில் வாங்கி, எண்ணின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் கை தானாக நீண்டுவிட்டது.

"இப்படிக் குடு. நீ எங்கயாவது தொலைச்சிடுவ."

இரண்டையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். மனைவி வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நீளக் காலர்க்காரனும் அந்தக் கையைத்தான் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பின்னால் நின்றவர்கள் நெருக்கவும் அடுத்த வில்லையை எடுக்கக் குனிந்துவிட்டான்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அதுவும் ஆசையில் கிளம்பியது இல்லை, பயத்தில் கிளம்பியது. போன மாதம் ஒரு மாலையில், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, "நான் அண்ணன் வீட்டோட போயிடலாம்னு பாக்கறேன்" என்று அவள் சொன்னாள். சண்டையில் சொல்லியிருந்தால் அவர் தூங்கி எழுந்து மறந்திருப்பார். துணி மடிக்கிற குரலில் சொன்னதுதான் அவரைத் தூங்க விடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பத்தொன்பது வருஷத்துல என் கையில எதையாவது விட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் இரண்டு நாள் யோசித்தார். வீட்டுச் சாவி அவர் இடுப்பில். அவள் பெயருக்கு வரும் கடிதத்தை அவர்தான் பிரிப்பார். பஸ் டிக்கெட் அவர் பையில். எல்லாம் அவள் தொலைத்துவிடுவாள் என்றுதான். இத்தனைக்கும் அவள் இதுவரை தொலைத்தது ஒரே ஒரு குடை. அதையும் மறுநாளே அவள் மறந்து வைத்த கடையிலேயே எடுத்து வைத்திருந்து கொடுத்துவிட்டார்கள்.

பீரோக் கதவின் உள்பக்கம் அவள் ஒட்டி வைத்திருந்த காலண்டர் படத்தில் இந்த ஊர் இருந்தது. கடலைப் பார்த்து வரிசையாக வெள்ளை விடுதிகள், வளைந்து போகும் நடைபாதை, கோடு போட்ட துணி நாற்காலிகள். அங்கே போகலாமா என்று அவர் கேட்டபோது, "போகலாம். போயிட்டு சாயங்காலம் என் முடிவைச் சொல்றேன்" என்றாள். அவர் கடையைப் பூட்டினார். கிளம்புவதற்கு முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து அவளுக்குப் பச்சை நிறத்தில் ஒரு மேல்சட்டை தைத்தார். அவளுக்கு இடது தோள் அரை அங்குலம் இறக்கம். பார்த்தால் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். இடது தோளின் உள்ளே மடித்த துணி ஒன்றை வைத்துத் தைத்தால் இரண்டு தோளும் மட்டமாக நிற்கும். இந்த மாதிரிச் சங்கதிகளுக்கெல்லாம் மல்லுக்கு நிற்பதால் கடைத்தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'அரை இஞ்ச்'. அவர் காதுபடவே சொல்வார்கள்.

ஊர் படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. வெயில் உறைக்கவில்லை. கடல் சத்தமில்லாமல் கரைக்கு வந்து சத்தமில்லாமல் திரும்பியது. ஈரக் கயிற்றின் வாடையும் புதிதாகக் கழுவிய கல்லின் வாடையும் கலந்து வந்தன. அவற்றுக்கு அடியில், விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் பக்கத்தில் வரும்போதெல்லாம், பூட்டிய பெட்டியைத் திறந்தது போல அந்துருண்டை வாடை ஒன்று மெல்ல வந்து போயிற்று. ஐஸ்கிரீம் விற்றவன் முழங்காலுக்குக் கீழே குடை போல விரிந்த கால்சட்டை போட்டிருந்தான். விடுதி வாசலைப் பெருக்கிய பெரியவர் உடுத்தியிருந்த கோட்டின் வெட்டை அவர் பழைய புகைப்படங்களில்தான் பார்த்திருக்கிறார். ஒவ்வொருவர் மேலும் ஒவ்வொரு காலத்து உடுப்பு. வேஷம் என்றால் எல்லாரும் ஒரே காலத்து வேஷம் போட வேண்டாமா என்று அவருக்குத் தோன்றியது. தொழில் புத்தி எங்கே போனாலும் விடாது என்று தம்மையே கடிந்துகொண்டு நடந்தார்.

நாற்காலி வாடகைக்கு விட்டவள் இருபத்தைந்து வயதுப் பெண். தோளில் பலூன் போலப் புடைத்த கை வைத்த சட்டை. அந்தக் கையைத் தைத்து அவருக்கு விரல் ஒடிந்த காலம் ஒன்று உண்டு, இப்போது யாரும் கேட்பதில்லை. மத்தியானம் அவள் இரண்டு நாற்காலிகளை விரித்துப் போட்டாள். அவர் கைக்குட்டையை எடுக்கப் பையைத் திறந்தபோது வில்லைகள் இரண்டும் மோதி ஒலித்தன. அவள் சட்டென்று திரும்பினாள்.

"ரெண்டு வெச்சிருக்கீங்களே."

"ஒண்ணு இவளோடது."

"அவங்க கையிலயே குடுத்துடுங்களேன் சார்."

"தொலைச்சிடுவாம்மா. அவ சமத்து எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். "என்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு, மணலைத் தட்டிவிட்டு, அடுத்த நாற்காலிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

மனைவி அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். "என் வில்லையக் குடுங்க."

"எதுக்கு? என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். என்கிட்ட இருந்தா என்ன?"

"சாயங்காலம் தரேன். விடேன்." விளையாட்டாகத்தான் சொன்னார். பையின் பொத்தானைத் தட்டியும் காட்டினார்.

அவள் எழுந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "அதோ, அந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் கடல் தண்ணி தேக்கின குளிக்கிற தொட்டி இருக்காம். காலை நனைச்சிட்டு வரேன். பத்து நிமிஷம் என்னைத் தேடாதீங்க."

அவள் நடைபாதையில் போவதை அவர் பார்த்தார். பச்சைச் சட்டை முதுகில் ஒரு சுருக்கம் இல்லாமல் விழுந்திருந்தது. தம் வேலையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. அவள் கோபத்தில் போகிறாள் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. எழுந்து பின்னால் போயிருக்கலாம். ஆனால் தேடாதே என்றவளைத் தேடிப் போனால் அது ஒரு தனிச் சண்டையாகும். நாற்காலியில் சாய்ந்தார். கடல் காற்றில் கண் சொருகியது.

விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. மணி நாலு. ஒன்றரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். பதறி எழுந்து திரும்பினால், பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்த?"

"அப்பவே வந்துட்டேன். அசந்து தூங்கினீங்க, எழுப்பல."

குரல் அவளுடையது. முகம் அவளுடையது. புருவத்தின் ஓரத்தில் இருந்த சிறிய தழும்பும் இருந்தது. சிரித்தாள். கோபத்தின் சுவடே இல்லை. அப்பாடா என்று அவர் மூச்சு விட்டபோதுதான் கண் அவள் தோளில் விழுந்தது.

வலது கழுத்தோரத்திலிருந்து அக்குள்வரை சட்டையில் சாய்வாக ஒரு சுருக்கம்.

அந்தச் சுருக்கம் எப்போது விழும் என்று எந்தத் தையற்காரனுக்கும் தெரியும். தோள் இறங்கியிருந்து, சட்டை இறங்காவிட்டால் விழும். இடது தோளோ உள்ளே வைத்த மடிப்பினால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் என்று நினைத்தார்.

"கொஞ்சம் நிமிந்து உக்காரேன்," என்றார்.

உடனே நிமிர்ந்தாள். ஏன் எதற்கு என்று கேட்காமல். சுருக்கம் போகவில்லை. அவள் வலது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

அவர் சிரித்துவிட்டார், பயத்தை மறைக்கச் சிரிக்கிற சிரிப்பு. சட்டை நகர்ந்திருக்கும். தூக்கக் கண்ணில் தவறாகத் தெரியும். வெளியில் சொன்னால் கடைத்தெருவே சிரிக்கும்: அரை இஞ்ச்சுக்குப் பெண்டாட்டியிலேயே அரை இஞ்ச் வித்தியாசம் தெரிஞ்சுதாம். வாயை மூடிக்கொண்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. பேச்சோடு பேச்சாக, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"உன் குடை தொலைஞ்சுதே, எந்தக் கடையில கிடைச்சுது?"

"மருந்துக் கடையில," என்றாள் அவள். சரிதான்.

"உங்க அண்ணன் வீட்டுக் கதவு என்ன நிறம்?"

"நீலம். நீங்கதான் நல்லாயில்லன்னு சொன்னீங்க." அதுவும் சரிதான்.

எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. அவர் மனைவி எந்தக் கேள்விக்கும் ஒரே தடவையில் பதில் சொல்கிற ஆள் இல்லை. எதுக்குக் கேக்கறீங்க என்று ஒரு முறையாவது முறைப்பாள்.

"கொஞ்சம் நடக்கலாமா?" என்றார்.

"நீங்க சொன்னா சரி."

பத்தொன்பது வருஷத்தில் அவர் கேட்டிராத வாக்கியம். கேட்க இனித்தது. அதை மறைப்பதற்கில்லை. அவள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். அவர் காட்டியதைப் பார்த்தாள். அவர் சொன்ன இடத்தில் நின்றாள். அவர் வாங்கிக் கொடுத்த சிப்பி மாலையைப் போட்டுக்கொண்டாள். நடைபாதை வளைவில் நின்று, அவர் கேட்காமலேயே, "நான் அண்ணன் வீட்டுக்குப் போகல. உங்களோடயே இருந்துடறேன்," என்றாள்.

இதைக் கேட்கத்தானே அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தானே. நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தும் இருந்தது. ஆனால் அவள் பக்கத்தில் வரும்போது காற்றில் அந்துருண்டை வாடை வந்தது. புதுத் துணியில் எப்படி வரும்? நேற்று ராத்திரி அவர் மடியில் இருந்த துணி.

பாறைப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தார். ஒரு நடை, எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

"குளிக்கிற தொட்டியை நானும் பாக்கறேனே," என்றார்.

"அங்க ஒண்ணும் இல்ல," என்றாள். கோத்திருந்த விரல்கள் இறுகின. வலிக்கவில்லை. ஆனால் பிரிக்கவும் முடியாது என்று தெரிந்தது. "படகுக்கு நேரமாச்சு."

அவர் போகவில்லை.

பின்னாளில் யாராவது கேட்டால், பயந்துவிட்டேன் என்று அவர் சொல்லக்கூடும். அது முழு உண்மை இல்லை. கை கோத்து வந்தவள் அவர் மனைவி இல்லை என்பது நாலு மணிக்கே அவருடைய கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும், ஆறு மணிவரை, கூட ஒருத்தி எதற்கும் சரி என்று சொல்லிக்கொண்டு நடந்த அந்த இரண்டு மணி நேரத்தில், ஒரு கால் மணி நேரமாவது அவர் சந்தோஷமாக இருந்தார். அதைத்தான் அவர் யாரிடமும் சொல்ல மாட்டார்.

பொழுது சாயச் சாயக் கடல்மேல் பனி மூட்டம் இறங்கியது. விடுதிகளில் ஒரு விளக்கும் எரியவில்லை. பயணிகள் பை மூட்டைகளோடு துறையை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு அந்த விரிந்த கால்சட்டைக்காரன் வந்தான். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கோட்டுக்காரப் பெரியவர் வந்தார். பலூன் கைக்காரி வந்தாள். இன்னும் எத்தனையோ பேர், கடைகளிலிருந்தும் மாடிப்படிகளிலிருந்தும் இறங்கி, பேச்சில்லாமல், அவசரமில்லாமல்.

"இவங்கள்லாம் எங்க வராங்க?" என்று கேட்டார்.

"தினமும் வருவாங்க," என்றாள் அவள். "படகைப் பாக்க."

ஊர்க்காரர்கள் துறையின் ஓரமாக வரிசை பிடித்து நின்றார்கள். பழகிய இடத்தில் பழகியபடி. நீளக் காலர்க்காரன் படகுப் பலகைக்கு முன்னால் பெட்டியோடு நின்றான். ஒவ்வொரு வில்லையும் உள்ளே விழ, டங் என்று ஒரு சத்தம். விழ விழ அவன் எண்ணைச் சொன்னான். வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் அந்தச் சத்தத்துக்குக் கண்ணை இமைத்தார்கள்.

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

தையற்காரர் பையின் பொத்தானைக் கழற்றினார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: இவள் தன் வில்லையைக் கேட்கவே இல்லை. அந்த நினைப்பில் அவர் மனம் ஒரு நிமிஷம் துணிந்தது. இவள் வில்லை என் பையில் இருக்கிறது. நான் கொடுக்காவிட்டால் இவள் ஏற முடியாது. கொடுக்கக் கூடாது. பாறைக்குப் போக வேண்டும். படகு போனால் போகட்டும்.

அவள் அவருக்கு முன்னால் நின்றாள். பெட்டிக்குமேல் கையை நீட்டி விரலை விரித்தாள்.

உள்ளங்கையில் ஒரு பித்தளை வில்லை.

டங்.

"நாற்பத்தெட்டு," என்றான் காலர்க்காரன்.

அவர் பைக்குள் கையை விட்டார். ஒன்று. இரண்டு. இரண்டும் இருந்தன. ஒன்றை வெளியே எடுத்தார். நாற்பத்தேழு. பின்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒருவர், "கொஞ்சம் நகருங்க சார், குழந்தை அழுவுது," என்றார். வில்லை விரலிலிருந்து நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. யாரோ முதுகைத் தள்ளினார்கள். கால் பலகையில் இருந்தது. பிறகு படகில் இருந்தது.

"இருங்க," என்றார். யாரும் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னார். "இருங்க. என் மனைவி வரல."

"உங்க பக்கத்துலதான் நிக்கறாங்க சார்," என்றான் காலர்க்காரன். அவன் குரலில் கேலி இல்லை. வருத்தம் இருந்தது. "கணக்கு சரியா இருக்கு."

கடைசி ஆளும் ஏறியாயிற்று. பலகையை இழுத்தார்கள். சங்கிலி மாட்டினார்கள். எஞ்சின் அதிர்ந்தது. டீசல் புகை.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்கால். மரப் பலகைமேல் ஓடி வரும் வெறுங்கால்.

மூட்டத்திலிருந்து பச்சைச் சட்டை வெளியே வந்தது.

செருப்பு கையில். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. தலைமுடி கலைந்திருந்தது. பத்து நிமிஷம் மட்டும் போய் வந்தவள் போலத் திகைத்து நின்றாள். படகைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். காலர்க்காரன் மெதுவாகக் கையை நீட்டி அவளை மறித்தான்.

"வில்லைம்மா."

"அவர்கிட்ட இருக்கு," என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "என்னோடதையும் அவர்தான் வெச்சிருக்கார்." பிறகு படகைப் பார்த்துக் கூவினாள். "என்னங்க. என் வில்லை. என் வில்லையக் குடுங்க."

காப்பாற்று என்று அவள் கூவவில்லை. மத்தியானம் கேட்டதையே கேட்டாள்.

அவர் சங்கிலியைத் தாண்டக் காலைத் தூக்கினார். ஒரு கை அவர் முழங்கையைப் பிடித்தது. மென்மையான கை. தாண்ட முடியவில்லை. படகுக்கும் துறைக்கும் நடுவில் கருந்தண்ணீர் ஒரு முழம் விரிந்தது. இரண்டு முழம். மற்ற பயணிகள் கடல் பக்கம் திரும்பிப் பனி மூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை அழுதது. ஒருவரும் கரையைப் பார்க்கவில்லை.

இன்னொரு கை அவருக்கு இருந்தது. பையில் இருந்தது. வில்லையை எடுத்தார்.

எறிந்தார்.

உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தார். மஞ்சளாக ஒரு மின்னல். தண்ணீரைத் தாண்டியது. துறையின் பலகையில் விழுந்தது. சக்கரம் போல நிமிர்ந்து, அவளை நோக்கி உருண்டது. அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நன்றி நன்றி என்று கதறியது.

அப்போது அந்த வரிசை அசைந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். கோட்டுக்காரர். விரிந்த கால்சட்டைக்காரன். காலர்க்காரன்கூட, பெட்டியைக் கீழே போட்டுவிட்டு. நைந்த துணிகள் கிழிகிற சத்தம் தண்ணீர்மேல் கேட்டது. முதுகுகள். முதுகுக்குமேல் முதுகு. நீளும் கைகள். அந்தக் குவியலிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. பலூன் போலப் புடைத்த தோள். விரல் நடுவில் பித்தளை. அந்தப் பெண் சிரிக்கவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"தொலைச்சிட்டீங்களா?" என்று அவர் காதோரம் கேட்டாள் பக்கத்தில் நின்றவள். கோபமில்லாமல் கேட்டாள். "பரவாயில்ல. இனிமே எல்லாத்தையும் நானே வெச்சுக்கறேன்." அவள் கை அவர் இடுப்பிலிருந்த வீட்டுச் சாவியை மெல்லக் கழற்றியது.

துறை மூட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே குனியாமல் நின்றது ஒருத்திதான். குனிய வேண்டும் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. நீட்டிய கையை மடக்காமல், அவரையே பார்த்தபடி, செருப்போடு நின்றாள். அத்தனை பழந்துணிக்கு நடுவில் புதுத் துணி அது ஒன்றுதான். கண் எட்டும்வரை அவர் பார்த்தார். அந்தச் சட்டை இரண்டு தோளிலும் மட்டமாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.